வாதக் கட்டுரையும் குறிப்புச் சட்டகமும்

கல்லூரி மாணவர்க்குக் கட்டுரை எழுதுவது புதிதன்று. பள்ளிப் பருவத்திலேயே முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று குறிப்புச் சட்டகம் வரைந்து, அதன்கீழ்ப் பத்திகளை நிரப்பி, மதிப்பெண் பெற்று வந்தவர்களே அவர்கள். ஆயினும், கல்லூரியில் அவர்களிடம் கேட்கப்படுவது வேறொரு வகைக் கட்டுரை. மழைக்காலத்தைப் பற்றியும், கண்டு களித்த பொருட்காட்சியைப் பற்றியும் எழுதிய நாளில், மழைக்காலம் உண்டா இல்லையா என்று எவரோடும் வழக்காட வேண்டிய தேவை இருக்கவில்லை. இப்போதோ, ஒரு கொள்கையை நாட்ட வேண்டும். அதனை மறுப்பாரும் உளர் என்பதை உணர வேண்டும். அவரும் இணங்குமாறு எழுத வேண்டும். இதனையே வாதக் கட்டுரை என்கிறோம். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில், கட்டுரைக்கென்றே 250 மதிப்பெண் கொண்ட தனித்தாள் ஒன்று உண்டு. மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். ஆகவே, கல்லூரியில் கைவரும் இப்பழக்கம் கல்லூரியோடு நின்றுவிடுவதன்று.

இத்தகைய கட்டுரைக்குப் பழைய சட்டகம் போதாது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்பவை வீட்டின் வாசல், கூடம், கொல்லை என்பனபோல இடங்களின் பெயர்களே. கூடத்தில் என்ன நிகழ்கிறது என்பதை அவை கூறா. வாதக் கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இதனை நாம் அறிந்துகொண்டது நம் தொழிலால் என்று கூறலாம். அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருக்கும் நம்மிடம் அறிக்கைகளும் குறிப்புகளும் நாள்தோறும் வருகின்றன. சில அறிக்கைகள் கடினமான சொற்கள் நிறைந்தவையாயினும் தடையின்றித் தமிழில் வந்து அமர்கின்றன. வேறு சிலவற்றில் சொற்கள் எல்லாம் எளியவை; ஆனால் ஒரு பத்தியை முடிப்பதற்குள் ஒரு முற்பகல் கழிந்துவிடுகிறது. காரணம் யாதெனில், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் என்ன உறவு என்பது விளங்குவதில்லை. 'ஆகையால்' என்று இணைப்பதா, 'ஆயினும்' என்று இணைப்பதா? மூலத்தை எழுதியவர் இதனை எண்ணிப் பார்த்திருந்தால் நமக்கு ஐயம் எழாது. அவரே எண்ணிப் பாராதபோது, எந்த அகராதியும் நமக்கு உதவுவதில்லை.

பிறர் குற்றத்தை மட்டும் கூறுதல் முறையன்று. நாம் இளங்கலை பயின்ற நாளில், ஆறு பக்கம் கொண்ட கட்டுரை ஒன்றை மிகுந்த பெருமிதத்தோடு எழுதிக் கொடுத்தோம். மேற்கோள்களும் உவமைகளும் அதில் மலிந்திருந்தன. பேராசிரியர் அதனைத் திருப்பித் தந்தபோது, ஓரத்தில் நான்கு இடங்களில் சிவப்பு மையால், "இதனால் என்ன?" என்று மட்டும் எழுதியிருந்தார். அந்நான்கு வினாக்களில் ஒன்றுக்கும் நம்மால் அன்று விடை கூற இயலவில்லை. எழுதத் தொடங்கும் முன்னரே அவ்வினாவை நமக்கு நாமே எழுப்பிக்கொள்ளும் இடமே குறிப்புச் சட்டகம் என்பது பின்னாளில்தான் விளங்கிற்று.

நிற்க. இனி, ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதன் செய்முறையைக் காண்போம். தலைநகரில் நாம் வாழும் அரசுக் குடியிருப்பில், நண்பர் ஒருவரின் மகள் அரசியல் பாடத்தில் இளங்கலை இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, பதினொரு பக்கக் குறிப்புகளோடு நம்மிடம் வந்தாள். "மாமா, எல்லாவற்றையும் படித்துவிட்டேன்; ஒரு வரிகூட எழுத வரவில்லை" என்றாள். தலைப்பு யாது என வினவினோம். 'இளைஞரும் நாடாளுமன்றமும்' என்றாள். அம்மாலையில் நிகழ்ந்தவற்றையே இங்குப் படிமுறையாகத் தருகிறோம்.

முதலாவது படி, தலைப்பை வினாவாக்குதல். 'இளைஞரும் நாடாளுமன்றமும்' என்பது தலைப்பே ஒழிய வினா அன்று. அதற்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ எவரும் விடை கூற இயலாது. விடை கூற இயலாத இடத்தில் வாதத்துக்கும் இடமில்லை. நம் அரசியலமைப்பின்படி 18 வயது நிரம்பியவர் வாக்களிக்கலாம். ஆனால் மக்களவைக்கு வேட்பாளராய் நிற்க 25 வயதும், மாநிலங்களவைக்கு நிற்க 30 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே அவள் தலைப்பு, 'மக்களவை வேட்பாளருக்குரிய குறைந்த அளவு வயதை 25-லிருந்து குறைக்க வேண்டுமா?' என்னும் வினாவாயிற்று. பதினொரு பக்கக் குறிப்புகளில் ஏறத்தாழ ஏழு பக்கங்கள் அக்கணமே பயனற்றுப் போயின. அதற்காக அவள் வருந்தினாள். தேவையற்றவற்றை விலக்குவதே சட்டகத்தின் முதற்பயன் என்று தேற்றினோம்.

இரண்டாவது படி, முடிபை ஒரே வாக்கியத்தில் எழுதுதல். அவ்வாக்கியம் மறுக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். 'இளைஞர் நாட்டின் தூண்கள்' என்பதை மறுப்பார் இலர். ஆதலின் அது வாதத்தின் முடிபாகாது. 'வயதைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்' என்பதும் ஆகாது. அவள், 'மக்களவை வேட்பாளரின் வயது 18 ஆகக் குறைக்கப்பட வேண்டும்' என்று துணிவோடு எழுதினாள். தெளிவான முடிபு, மறுப்பார் பலர் உளர். இதுவே வேண்டுவது.

மூன்றாவது படி, காரணங்களை நிறுத்துதல். இங்குத்தான் பெரும்பாலோர் இடறுகின்றனர். காரணம் என்று எண்ணி, தொடர்புடைய செய்திகளையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடுகின்றனர். இதனைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முடிபுக்கும் ஒவ்வொரு குறிப்புக்கும் இடையில் 'ஏனெனில்' என்ற சொல்லை வைத்துப் படிக்க வேண்டும். சொல் பொருந்தினால் அது காரணம். 'மேலும்' என்ற சொல் மட்டுமே பொருந்துமாயின் அது வெறும் செய்தி. 'மேலும், மேலும்' என்றே வளரும் கட்டுரை கடைச்சாமான் பட்டியலை ஒத்தது. அதில் எதனை நீக்கினாலும் எதுவும் சரியாது.

நம் நாட்டுத் தருக்க நூலார் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்துள்ளனர். நியாய மரபில் அனுமானத்துக்கு ஐந்து உறுப்புகள் கூறுவர். மலையில் நெருப்பு உண்டு என்பது மேற்கோள். புகை காண்பதால் என்பது ஏது. புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு, அடுக்களைபோல என்பது எடுத்துக்காட்டு. இம்மலையிலும் அத்தகைய புகை உண்டு என்பது பொருத்திக் காட்டுதல். ஆகவே மலையில் நெருப்பு உண்டு என்பது முடிபு. மாணவர் பெரும்பாலும் விட்டுவிடுவது நான்காம் உறுப்பையே. எடுத்துக்காட்டைக் கூறுவர்; அஃது இவ்விடத்துக்கு எங்ஙனம் பொருந்தும் என்று கூறார். நம் பேராசிரியர் "இதனால் என்ன?" என்று கேட்டது இவ்வுறுப்பைத்தான்.

அவளுடைய குறிப்புகளில் இளைய பிட் என்பாரைப் பற்றிய செய்தி ஒன்று இருந்தது. வில்லியம் பிட் 1783-ஆம் ஆண்டில், தம் 24-ஆம் வயதில், பிரிட்டனின் பிரதமரானார். சுவையான செய்திதான். ஆனால் அவருடைய தந்தையாரும் பிரதமராய் இருந்தவர். அரசியலை வீட்டிலேயே கற்றவர் மகன். அரிதாய்த் தோன்றிய ஒருவரைக் கொண்டு அனைவருக்குமான விதியை நாட்ட இயலாது. பொருத்திக் காட்டும் உறுப்பு இங்கு அமையவில்லை. ஆகவே பிட் வெளியேறினார்.

எஞ்சிய காரணங்கள் மூன்று. ஒன்று: வேட்பாளர் தகுதியுடையவரா என்பதை வாக்காளரே தீர்மானிக்கட்டும், சட்டம் ஏன் தடுக்க வேண்டும்? இரண்டு: 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தங்களின்படி, ஊராட்சி, நகராட்சி மன்றங்களுக்கு நிற்க 21 வயது நிரம்பியிருத்தல் போதும், அங்கு நம்பப்படும் இளைஞரை மக்களவைக்கு நம்பலாகாதா? மூன்று: அரசியலமைப்பு இயற்றப்பட்டபோது வாக்குரிமை வயது 21, வேட்பாளர் வயது 25. இரண்டுக்கும் இடைவெளி நான்கு ஆண்டு. 61-ஆம் திருத்தத்தால் 1989-இல் வாக்குரிமை வயது 18 ஆயிற்று. வேட்பாளர் வயது மாறவில்லை. எனவே நான்கு ஆண்டு இடைவெளி ஏழு ஆண்டாய் விரிந்துவிட்டது.

மூன்றும் நல்ல காரணங்கள். 'ஏனெனில்' என்ற சோதனையிலும் அவை தேறின. ஆயினும், மூன்றையும் ஒரு தாளில் ஒருங்கே எழுதியபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. மூன்று அம்புகளும் ஒரே இலக்கை நோக்கிச் செல்லவில்லை. பழைய நான்கு ஆண்டு இடைவெளியை மீட்பதாயின், விடை 22 ஆகும், 18 அன்று. ஊராட்சியை ஒப்புமை காட்டுவதாயின், விடை 21 ஆகும். எல்லாவற்றையும் வாக்காளரிடமே விட்டுவிடலாம் என்ற காரணமோ 18-இலும் நில்லாது. எந்த வயது வரம்பும் வேண்டா என்பதில் போய் முடியும். குடியரசுத் தலைவருக்கு 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதியும் அதனோடு வீழும். அளவுக்கு மேல் நிறுவும் காரணம் எதனையும் நிறுவாத காரணத்தைப் போன்றதே.

"மக்களவைக்கு 18 போதும் என்றால், அவ்வயதினர் நாடாளுமன்றத்துக்கு நிற்கலாம், தம் ஊராட்சிக்கு நிற்க மட்டும் இன்னும் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும், அல்லவா?" என்று வினவினோம். அங்கே அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், 18 என்று எழுதியிருந்ததை அடித்து, 21 என்று எழுதினாள். ஊராட்சியின் வயதையும் சேர்த்துக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டு 18-ஐயே காத்திருக்கவும் அவளால் இயலும். அதுவும் ஒரு நேரிய வழியே. ஆனால் அதற்குத் தன்னிடம் போதிய சான்று இல்லை என்று அவளே துணிந்தாள். எந்த வயது சரி என்பதைக் கூறுவது நம் நோக்கமன்று. தன் கருத்தை மாற்றிக்கொள்ள அவளுக்கு ஒரு தாளும் ஒரு மணி நேரமும் மட்டுமே செலவாயின என்பதையே சுட்டுகிறோம். எட்டுப் பக்கம் எழுதி முடித்த பின்னர் இம்முரண்பாட்டைக் கண்டிருந்தால், அதனைத் திருத்தும் மனம் எவருக்கு வரும்? மறைக்கவே தோன்றும்.

நான்காவது படி, எதிர்வாதத்துக்கு இடம் ஒதுக்குதல். எதிர்ப்பக்கத்தாரின் வலுக்குறைந்த வாதத்தை எடுத்து எளிதில் வீழ்த்துவது பலருக்கு வழக்கம். இது வெற்றியன்று. நம் முன்னோர் இதில் கடுமையான நேர்மை காட்டினர். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில், பிற கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கம் முதலில் நிற்கிறது. தம் கொள்கையை நிறுவும் சுபக்கம் அதன் பின்னரே வருகிறது. நன்னூல் கூறும் எழுவகை மதங்களிலும் மறுத்தல் ஒன்றே, உடன்படுதலும் ஒன்று, பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலும் ஒன்று. எதிரியோடு எங்கே உடன்படுகிறோம் என்று கூற அறியாதவர், எங்கே மாறுபடுகிறோம் என்பதையும் தெளிவாய்க் கூற இயலாது.

அவள் எடுத்துக்கொண்ட எதிர்வாதம் எளியதன்று. 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் இவ்விதியை முன்மொழிந்த டாக்டர் அம்பேத்கர், வாக்காளராய் இருப்பது மட்டும் போதாது, வேட்பாளருக்கு அதற்கு மேலும் சில தகுதிகள் வேண்டும் என்ற கொள்கையை அதன் அடிப்படையாய்க் காட்டினார். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று மக்களவை வேட்பாளரின் வயதை 18 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. தேர்தல் ஆணையமோ, நாடாளுமன்றப் பொறுப்புக்கு வேண்டிய அனுபவத்தையும் முதிர்ச்சியையும் 18 வயதினரிடம் எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற கருத்தைக் கொண்டிருந்தது. ஊராட்சி சிறிது, நாடாளுமன்றம் பெரிது. ஊர்க் குடிநீரையும் தெருவிளக்கையும் பேணுவதும், நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றுவதும் ஒன்றாகுமா என்பதே எதிர்ப்பக்கத்தாரின் வலிய வினா.

இதற்கு விடையும் அதே சபையில் கிடைத்தது. மாநிலங்களவைக்கு 35 என்று முன்மொழியப்பட்ட வயது, துர்காபாய் அவர்கள் கொணர்ந்த திருத்தத்தால் 30 ஆயிற்று. அறிவு வயதைப் பொறுத்ததன்று என்பது அவருடைய வாதம். ஆகவே இவ்வெண்கள் மாற்றலாகாத எல்லைகள் அல்ல, விவாதித்துக் குறைக்கப்பட்டவை. அன்றியும், முதிர்ச்சி வேண்டும் என்பதை அவள் மறுக்கவில்லை. மாநிலங்களவையின் 30 வயது அப்படியே நிற்கட்டும். மக்களவையின் சட்டங்களை மறுமுறை ஆராயும் அவையில் முதிர்ந்தோர் இருப்பது நன்று என்று உடன்பட்டாள். இவ்வுடன்பாடு அவள் வாதத்தைக் குறைக்கவில்லை. எதிர்ப்பக்கத்தார் அஞ்சியதற்கு விடையாய் அமைந்து, அதனை வலுப்படுத்திற்று.

ஐந்தாவது படி, இவற்றையெல்லாம் முழு வாக்கியங்களாய் ஒரே தாளில் எழுதுதல். அன்றிரவு அவள் எழுதி முடித்த சட்டகம் வருமாறு:

வினா: மக்களவை வேட்பாளருக்குரிய குறைந்த அளவு வயதை 25-லிருந்து குறைக்க வேண்டுமா?

முடிபு: 21 ஆகக் குறைக்க வேண்டும்.

காரணம் 1: ஏனெனில், மக்களின் பிரதிநிதியாய் இருக்க 21 வயது போதும் என்று ஊராட்சி, நகராட்சி மன்றங்களைப் பொறுத்து நம் அரசியலமைப்பே 1993 முதல் ஏற்றுக்கொண்டுள்ளது.

காரணம் 2: அன்றியும், வாக்காளருக்கும் வேட்பாளருக்கும் இடையே நான்கு ஆண்டாய் இருந்த இடைவெளி, வாக்குரிமை வயது குறைந்ததன் விளைவாக 1989-இல் ஏழு ஆண்டாய் விரிந்தது, வேட்பாளருக்கு மேலும் தகுதி வேண்டும் என்ற அடிப்படைக்கு இத்துணை இடைவெளி தேவையில்லை.

எதிர்வாதம்: ஆயினும், நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றும் பொறுப்பு ஊராட்சிப் பொறுப்பினும் பெரிது, அதற்கு அனுபவம் வேண்டும் என்பர்.

உடன்பாடும் மறுப்பும்: அனுபவம் வேண்டும் என்பது உண்மையே; அதற்காகவே மாநிலங்களவையின் 30 வயது நிலைக்கலாம். எனினும், நிற்பதற்கு உரிமை பெறுவது வேறு, வெல்வது வேறு. அனுபவமற்றவரை விலக்கும் உரிமை வாக்காளரிடம் எப்போதும் உண்டு.

முடிவுரை: ஆகவே, 21 என்பது புதுமையன்று; நம் அரசியலமைப்பு ஓரிடத்தில் கூறியதை மற்றோரிடத்திலும் கூறச் செய்வதே.

வாக்காளரே தீர்மானிக்கட்டும் என்று அவள் முதலில் எழுதிய காரணம் அழிந்துபோகவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். முடிபைத் தாங்கும் தூணாய் நிற்க இயலாத அது, எதிர்வாதத்துக்கு விடை கூறும் இடத்தில் செம்மையாய்ப் பொருந்திற்று. ஒரு செய்தி நல்லதா தீயதா என்பதோடு, அது நிற்க வேண்டிய இடம் எது என்பதையும் சட்டகம் காட்டிவிடுகிறது. தாளின் இடப்புறத்தில் 'ஏனெனில், அன்றியும், ஆயினும், உண்மையே, எனினும், ஆகவே' என்ற சொற்களை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தாலே வாதத்தின் நடை விளங்கும். இச்சொற்கள் அமைந்துவிட்டால் கட்டுரையின் பெரும்பகுதி முடிந்தாற்போலவே.

இறுதியாக, அளவைப் பற்றியும் ஒரு சொல். ஆயிரம் சொற்களில் எழுத வேண்டிய கட்டுரைக்கு, முன்னுரைக்கு 100, பின்னணிக்கு 150, காரணங்களுக்கு 400, எதிர்வாதத்துக்கும் விடைக்கும் 250, முடிவுரைக்கு 100 என்று சட்டகத்தின் ஓரத்திலேயே குறித்துக்கொள்வது நன்று. இல்லையேல், நன்கு அறிந்த பின்னணிச் செய்தியே பாதிக் கட்டுரையை விழுங்கிவிடும். தேர்வு மண்டபத்தில் ஒரு மணி நேரம் உளதாயின் பத்து நிமிடத்தைச் சட்டகத்துக்கு ஒதுக்க அஞ்ச வேண்டா. அருகிலிருப்பவர் இரண்டு பக்கம் எழுதிவிட்டாரே என்று மனம் பதறும். அவர் எங்கே செல்கிறார் என்பது அவருக்குத் தெரியுமா என்பதே வினா. முன்னுரையை மட்டும் சட்டகம் முடிந்த பின்னரே எண்ணுதல் வேண்டும். வருபவர் யார் என்று அறியாமல் வரவேற்புரை கூற எவராலும் இயலாதன்றோ?

அப்பெண்ணின் கட்டுரைக்கு என்ன மதிப்பெண் கிடைத்தது என்று நாம் கேட்கவில்லை. சில நாட்கள் கழித்து, அவளும் அவள் தந்தையும் இதே பொருளைப் பற்றி உரையாடியதை நண்பர் நம்மிடம் கூறினார். 25 வயதே தகும் என்பது அவர் கருத்து. "உன் வாதத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் நான் கூற நினைத்ததை நீ எனக்கு முன்பே, என்னைவிட நன்றாகக் கூறிவிட்டாயே!" என்றாராம். வாக்குரிமை பெற்ற இளைஞர் பலர் வாழும் நாட்டில், மாறுபட்ட கருத்துடைய இருவர் ஒருவரையொருவர் செவ்வனே விளங்கிக்கொண்டு, அதன் பின்னரும் மாறுபட்டு நிற்க இயலுமானால், அது சிறிய பயன் அன்று. அதற்கு வேண்டிய கருவியோ, ஒரு வெள்ளைத்தாளும் ஐந்தாறு இணைப்புச் சொற்களுமே.